ஹோல்ட்அவுட் முடிவு யார் கையில இருக்கணும்: வீரரா, ஏஜென்ட்டா?

ஒவ்வொரு ஆகஸ்ட் மாசமும் என்எஃப்எல், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் லீக் பாக்கற நம்ம ஆளுங்களுக்குள்ள ஒரே சண்டைதான். ஒரு பெரிய ப்ளேயர் கேம்புக்கு வராமலோ வந்தும் ஆடாமலோ புது கான்ட்ராக்ட் கேப்பாரு, உடனே பாதிப்பேர் "ஏஜென்ட் ஏத்தி விடறான்"ம்பாங்க, மீதிப்பேர் "அவனுக்கே பேராசை"ம்பாங்க. 2025ல மைக்கா பார்சன்ஸ் விஷயத்துல இது உச்சத்துக்கே போச்சு, டாலஸ் கௌபாய்ஸ் ஓனர் ஜெரி ஜோன்ஸ் "நான் மைக்காகிட்டயே நேரா பேசி முடிச்சிட்டேன்"னு சொல்ல, மைக்கா "அதுக்குதான் எனக்கு ஏஜென்ட் இருக்காரு"ன்னு நிக்க, கடைசியில ஆள் வேற டீமுக்கே போயிட்டாரு. அதுக்கப்புறம் நிறைய பேர் என்கிட்ட கேட்டது இதுதான், இந்த முடிவு உண்மையில யாரோடது, தப்பாப் போனா யார் பொறுப்பு? நான் இதை ரசிகர் பக்கமிருந்து பாக்காம வீரர் பக்கமிருந்து பாக்கறேன். உங்க வீட்டுப் பையன் அந்த இடத்துல நின்னா முடிவை யார் கையில குடுக்கச் சொல்லுவீங்க?

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஹோல்ட்அவுட்னா கான்ட்ராக்ட்ல இன்னும் வருஷம் பாக்கி இருக்கும்போதே "இந்தக் காசுக்கு ஆட மாட்டேன், புதுசாப் போடு"ன்னு சொல்லிட்டு, சீசனுக்கு முன்னாடி நடக்கற டிரெய்னிங் கேம்புக்கு வராம இருக்கறது. என்எஃப்எல்ல இது ஏன் அடிக்கடி நடக்குதுன்னா அங்க பெரும்பாலான கான்ட்ராக்ட்டுக்கு முழு கேரண்டி கிடையாது, 5 வருஷம்னு பேப்பர்ல இருக்கும் ஆனா 2 வருஷத்துல டீம் ஆளைத் தூக்கிடலாம், அதனால வீரர் கையில இருக்கற ஒரே பிடி அவரோட உடம்புதான், அதைக் கிரவுண்டுக்குக் கொண்டு வராம இருக்கறதுதான். நம்ம ஐபிஎல்ல இதுக்கு இடமே இல்ல, ஏலத்துல எடுத்தப்புறம் சரியான காரணமில்லாம விலகினா 2 வருஷம் தடை, 2025 சீசனுக்கு முன்னாடி ஹாரி புரூக்குக்கு அப்படித்தான் ஆச்சு.

எதை வெச்சு எடை போடறது

முதல்ல, பில் யார் பேர்ல வருது. 2020ல போட்ட தொழிலாளர் ஒப்பந்தப்படி, ரூக்கி கான்ட்ராக்ட் (லீக்குக்குள்ள வந்ததும் போடற முதல் கான்ட்ராக்ட்) தாண்டின வீரர் கேம்புக்கு வரலைன்னா ஒரு நாளைக்கு 50,000 டாலர் ஃபைன். முன்னாடியெல்லாம் கடைசியில கை குலுக்கும்போது டீம் அதைத் தள்ளுபடி பண்ணிடும், இப்ப டீமே நினைச்சாலும் பண்ண முடியாது. ரூக்கி கான்ட்ராக்ட்ல இருக்கற பையனுக்கு 40,000, அதை மட்டும் டீம் விட்டுக் குடுக்கலாம். சீசன் ஆரம்பிச்சிட்டா வாரத்துக்கு அடிப்படைச் சம்பளத்துல 18ல ஒரு பங்கு போகும். இது அத்தனையும் வீரர் சம்பளத்துலதான் கழியும், ஏஜென்ட் கணக்குல ஒரு டாலர்கூட ஃபைன் ஏறாது.

ரெண்டாவது, தகவல் யார்கிட்ட இருக்கு. மத்த டீம்கள் என்ன விலைக்குத் தயாரா இருக்கு, அதே பொசிஷன்ல அடுத்த ஆள் எப்ப கையெழுத்துப் போடப் போறான், டீமோட சம்பள வரம்புல எவ்வளவு இடம் மிச்சம், இதெல்லாம் ஏஜென்ட் தினமும் பேசிப் பேசித் தெரிஞ்சுக்கறது, ப்ளேயருக்கு அதுக்கு நேரமும் கிடையாது ஆளும் கிடையாது.

மூணாவது, யாரோட ஆசை எந்தப் பக்கம் இழுக்குது. வீரர்கள் சங்கம் வெச்ச விதிப்படி ஏஜென்ட் கமிஷன் அதிகபட்சம் 3 சதவீதம், அதுவும் வீரருக்குப் பணம் வந்தாத்தான் அவருக்கு வரும். இது ரெண்டு பக்கமும் இழுக்கும். ஏஜென்ட் சீக்கிரம் முடிச்சிட்டு அடுத்த கிளையன்ட்கிட்ட போக நினைக்கலாம். இல்ல, ஒருத்தருக்கு ரெக்கார்டு விலை வாங்கிட்டா அதைக் காட்டி இன்னும் பத்து பேரைப் பிடிக்கலாம்னு இழுத்தடிக்கலாம்.

நாலாவது, காலம். ஏஜென்ட் 30, 40 வருஷம் தொழில்ல இருப்பாரு. ரன்னிங் பேக்குக்கு, அதாவது பந்தைத் தூக்கிட்டு ஓடற ஆளுக்கு, நல்ல காலம்னா அஞ்சாறு வருஷம், அதுல ஒண்ணு போனா போனதுதான்.

அஞ்சாவது, திரும்பி வர்ற வழி. வெளிய போறது சுலபம். எந்தத் தேதியில, என்ன சொல்லிட்டு உள்ள வர்றதுன்னு யோசிச்சு வெச்சிருக்காங்களாங்கறதுதான் கேள்வி.

இதுல மூணாவதையும் நாலாவதையும் சேத்துப் பாக்க ரன்னிங் பேக் லெவியான் பெல் கதையை விட நல்ல உதாரணம் இல்ல. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 2017ல அவருக்கு ஃபிரான்சைஸ் டேக் (கான்ட்ராக்ட் முடிஞ்ச வீரரை வேற டீமுக்கு விடாம, விதிப்படி வர்ற சம்பளத்துக்கு 1 வருஷம் பிடிச்சு வெக்கறது) போட்டுது, 12.1 மில்லியன் டாலருக்கு ஆடினாரு. 2018ல மறுபடி டேக், 14.5 மில்லியன். நீண்ட கால ஆஃபர் 5 வருஷத்துக்கு 70 மில்லியன்னு செய்தி வந்துச்சு, ஆனா கேரண்டி குறைச்சல். அவர் டேக்ல கையெழுத்தே போடல, அதனால தினசரி ஃபைன் கிடையாது, ஆனா சம்பளமும் கிடையாது. முதல் வாரத்துலயே கூட ஆடற லைன்மேன்கள் மௌர்கிஸ் பவுன்சியும் ரமோன் ஃபாஸ்டரும் பத்திரிகைக்காரங்க முன்னாடியே அவரைத் திட்டினாங்க. அந்த சீசன்ல ஆடணும்னா கையெழுத்துப் போட வேண்டிய நவம்பர் கெடு தாண்டினதும் லாக்கர்ல இருந்த அவரோட ஷூவை எல்லாம் சக வீரர்கள் ஆளுக்கொண்ணா எடுத்துக்கிட்டாங்க. முழு சீசன் போச்சு. 2019ல நியூயார்க் ஜெட்ஸ் 4 வருஷத்துக்கு 52.5 மில்லியன் குடுத்துது, அங்க முதல் சீசன்ல ஓடினது 789 யார்டுதான், 2020 அக்டோபர்ல அனுப்பி வெச்சிட்டாங்க. இப்ப கணக்குப் போடுங்க, பெல் இழந்தது 14.5 மில்லியன், அதே காசுல 3 சதவீதம்னு வெச்சாக்கூட ஏஜென்ட் பக்கம் போயிருக்கக்கூடியது 4 லட்சத்து 35 ஆயிரம் டாலர் அளவுதான். ஏஜென்ட்டுக்கு மத்த கிளையன்ட்டும் இருப்பாங்க, வீரருக்கு 26 வயசு ஒரு தடவைதான் வரும். யாரோட யோசனையா இருந்தாலும் இழப்பு இவ்வளவு ஏத்த இறக்கமா இருக்கறப்ப முடிவை மட்டும் சரி பாதியாப் பிரிக்கறது நியாயமே இல்லைன்னு நான் நினைக்கறேன்.

வழி 1: முழுசா ஏஜென்ட்கிட்ட விட்டுடறது

"நீங்க பாத்துக்கோங்க, நான் பிராக்டிஸைப் பாக்கறேன்"னு சொல்ற டைப். இதுல நல்லது இல்லாம இல்ல. ஏஜென்ட்டுக்கு மார்க்கெட் தெரியும், கோவப்படாம பேசுவாரு, அதைவிட முக்கியமா கெட்ட பேரை அவர் வாங்கிப்பாரு. கோச்சும் மேனேஜரும் ஏஜென்ட்டைத் திட்டிட்டு செப்டம்பர்ல வீரரைக் கட்டிப் பிடிச்சுப்பாங்க. ஓனர் நேரடியாப் பேசி பையனை வளைக்கப் பாக்கற இடத்துல இந்தச் சுவர் ரொம்ப அவசியம்.

மறைஞ்சிருக்கற செலவு எங்கன்னா, ஏஜென்ட் போடற சத்தத்துக்கு தண்டனை வீரருக்கு வரும். 2005 டெரல் ஓவன்ஸ் ஞாபகம் இருக்கா? முந்தின வருஷம்தான் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 7 வருஷத்துக்கு 49 மில்லியன் அளவுல கான்ட்ராக்ட் குடுத்திருந்தாங்க. ட்ரூ ரோசன்ஹாஸை ஏஜென்ட்டா வெச்சதும் புதுசு கேட்டாரு, டீம் மறுத்துது, பேட்டி மேல பேட்டி, நவம்பர்ல 4 மேட்ச் சஸ்பென்ஷன், மீதி சீசனுக்கு உக்கார வெச்சிட்டாங்க. வீட்டு வாசல்ல நடந்த பிரஸ் மீட்ல ரோசன்ஹாஸ் எந்தக் கேள்விக்கும் "அடுத்த கேள்வி"ன்னே சொல்லிட்டிருந்தாரு. தகராறை விசாரிச்ச மத்தியஸ்தர், டீம் செஞ்சது சரின்னு தீர்ப்பு குடுத்தாரு. அடுத்த வருஷம் டாலஸ் 3 வருஷத்துக்கு 25 மில்லியன் குடுத்ததால ஓவன்ஸ் தப்பிச்சாரு, அவர் லெவல் ஆளுக்குத்தான் அப்படி ஒரு கதவு திறக்கும்.

அதே ஓவன்ஸுக்கு அதுக்கு முந்தின ஏஜென்ட்டால இன்னொரு அடி. சான்ஃபிரான்சிஸ்கோ கான்ட்ராக்ட்டை 2004ல ரத்து பண்ணி வெளிய வர்றதுக்கு ஒரு கெடு இருந்துது, பேப்பர் நேரத்துக்குப் போகல. இந்த ரகத் தப்பு முழுக்க முழுக்க ஏஜென்ட் பொறுப்பு, இதுல வீரரைக் குத்தம் சொல்றதுல அர்த்தமே இல்ல. கெடு, கையெழுத்து, ஃபைன் விதி, இதெல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கத்தான் அவருக்குக் கமிஷன்.

முழுசா விடறதுல இருக்கற பெரிய ஆபத்தை நான் பாத்தது 2024ல, ஹாசன் ரெடிக். 4 வருஷத்துல 50.5 சாக் (எதிரணி குவார்ட்டர்பேக் பந்தை வீசறதுக்குள்ள அவரை மடக்கறது) எடுத்த ஆள். ஈகிள்ஸ் அவரை ஜெட்ஸுக்கு டிரேட் பண்ணாங்க, புது கான்ட்ராக்ட் கையில வராமலே டிரேட் முடிஞ்சு போச்சு. ஏப்ரல்ல வந்து அறிமுகப் பேட்டி குடுத்தாரு, அதுக்கப்புறம் ஆளையே காணோம். ஆகஸ்ட்ல டிரேட் கேட்டாரு, மேனேஜர் ஜோ டக்ளஸ் முடியாதுன்னுட்டாரு. அடிப்படைச் சம்பளம் 14.25 மில்லியன், அப்படின்னா வாரத்துக்குக் கிட்டத்தட்ட 7 லட்சத்து 90 ஆயிரம் டாலர் கரைஞ்சிட்டே இருந்துது, அது மேல கேம்ப் ஃபைன் வேற. அக்டோபர்ல அவரோட ஏஜென்சி சிஏஏ விலகிடுச்சு. அதாவது சண்டை நடுவுல ஆலோசனை சொல்ற ஆள் கிளம்பிட்டாரு, ஃபைன் சீட்டு மட்டும் வீரர் கையில. அப்புறம் ரோசன்ஹாஸை வெச்சு சில நாள்லயே கான்ட்ராக்ட்டை லேசா மாத்தி உள்ள வந்தாரு. 7 மேட்ச் போச்சு. மீதி 10 மேட்ச்ல ஒரே ஒரு சாக். அடுத்த வருஷம் டாம்பா பே 1 வருஷத்துக்கு 14 மில்லியன், அதாவது கிட்டத்தட்ட கிளம்பின இடத்துக்கே வந்து நின்னாரு. சங்க விதிப்படி வீரர் 5 நாள் நோட்டீஸ்ல ஏஜென்ட்டை நிறுத்தலாம், ஏஜென்ட்டும் கிளம்பலாம். வீரர் அந்த கான்ட்ராக்ட்டை விட்டு அப்படிக் கிளம்ப முடியாது.

வழி 2: ஏஜென்ட்டே வேணாம், நானே பேசிக்கறேன்

இது இப்ப கூடிட்டு வருது. ரோக்வான் ஸ்மித் 2022ல சிகாகோ பேர்ஸ்கிட்ட ஏஜென்ட் இல்லாமலே மோதினாரு, கேம்புக்கு வந்தாரு ஆனா பிராக்டிஸ் பண்ணல, டிரேட் கேட்டு அறிக்கை விட்டாரு. அக்டோபர் கடைசியில பால்டிமோருக்கு டிரேட், 2023 ஜனவரில 5 வருஷத்துக்கு 100 மில்லியன். லமார் ஜாக்சன் அதே பால்டிமோர்ல ஏஜென்ட் இல்லாம, டிரேட் கேட்டதை ட்விட்டர்ல போட்டு, 2023 ஏப்ரல்ல 5 வருஷத்துக்கு 260 மில்லியன், அதுல 185 கேரண்டி. 260ல 3 சதவீதம்னா 7.8 மில்லியன், அது அவர்கிட்டயே தங்கிடுச்சு. முடிவு யாரோடதுங்கற குழப்பமும் கிடையாது, எல்லாம் அவரோடதுதான்.

ஆனா செலவு வேற ரூபத்துல வரும். ஓனரும் மேனேஜரும் உங்க மூஞ்சிக்கு நேரா "நீ இவ்வளவு வொர்த் இல்ல"ன்னு உங்க குறையை ஒண்ணொண்ணா அடுக்குவாங்க, மறுநாள் அதே ஆளுங்களுக்காக ஆடணும். ரோக்வான் அறிக்கையைப் படிச்சா அந்தக் காயம் தெரியும். மத்த டீம்கிட்ட நைசா விசாரிக்கவும் ஆள் இல்ல. அதுக்குன்னு தெரிஞ்சவர் யாரையாவது பேசச் சொன்னா விதிமீறல், இந்த ரெண்டு பேர் விஷயத்துலயுமே "சான்றிதழ் இல்லாத ஒருத்தர் உங்களைக் கூப்பிடலாம், பேசாதீங்க"ன்னு லீக் எல்லா டீமுக்கும் கடிதம் அனுப்புச்சு, லமார் தன் விஷயத்துல அது உண்மையே இல்லைன்னு மறுத்தாரு. இன்னொண்ணு, ரெண்டு பேரும் அவங்க பொசிஷன்ல உச்சத்துல இருந்தவங்க, லமார் அதுக்குள்ள ஒரு தடவை எம்விபி, அதாவது சீசனோட சிறந்த வீரர் விருது, வாங்கியாச்சு. சராசரி வீரர் இவங்களைப் பாத்துட்டு இறங்கினா டீம் நாலு நாள்ல அடுத்த ஆளைப் பாத்துக்கும்.

வழி 3: முடிவு வீரரோடது, பேச்சு ஏஜென்ட்டோடது

நான் சொல்றது இதைத்தான். வக்கீல் வாதாடுவாரு, சட்டம் சொல்லுவாரு, ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்லுவாரு, ஆனா கேஸ் போடறதா வேணாமா, சமாதானமாப் போறதான்னு கட்சிக்காரர்தானே சொல்லணும்? அதே பிரிவினைதான் இங்கயும். உள்ள போறதா வெளிய நிக்கறதா, எவ்வளவு நஷ்டம் வரைக்கும், எந்தத் தேதி வரைக்கும், இந்த மூணும் வீரர் வாயிலேர்ந்து வரணும். மார்க்கெட் நிலவரம் சரியாச் சொல்றது, விதியைத் தப்பில்லாமச் சொல்றது, டீம்கிட்டயும் பத்திரிகைகிட்டயும் பேசறது, இது ஏஜென்ட் பொறுப்பு. இதுல ஏஜென்ட்டுக்கு ஒண்ணும் குறைஞ்ச பொறுப்பு இல்ல. "இன்னொரு டீம் வருஷத்துக்கு 15 மில்லியன் குடுக்கத் தயாரா இருக்கு"ன்னு அவர் சொல்லி அதை நம்பி வீரர் வெளிய நின்னு, அப்படி ஒரு டீமே இல்லைன்னு தெரிய வந்தா, அந்த நஷ்டத்துக்கு ஏஜென்ட்தான் பதில் சொல்லணும். முடிவெடுத்தது வீரர்ங்கறது அவரைக் காப்பாத்தாது.

2023ல கிறிஸ் ஜோன்ஸ் நடந்துக்கிட்டது இதுக்குப் பக்கத்துல வருது. கன்சஸ் சிட்டி கேம்ப் முழுக்க வரல, ஃபைன் ஏறிட்டே போச்சு, 8வது வாரம் வரைக்கும்கூட நிப்பேன்னு அவரே ட்விட்டர்ல எழுதினாரு. டெட்ராய்ட்கிட்ட 21-20ன்னு தோத்த முதல் மேட்சை ஸ்டேடியத்துலயே மேல உக்காந்து பாத்தாரு, அந்த ஒரு மேட்சுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல போச்சு. நாலே நாள்ல ஊக்கத்தொகை சேத்த 1 வருஷ கான்ட்ராக்ட்டுக்கு ஒத்துக்கிட்டு உள்ள வந்துட்டாரு. அந்த சீசன் சூப்பர் பவுல், அதாவது லீக் ஃபைனல், ஜெயிச்சாங்க, 2024 மார்ச்ல 5 வருஷத்துக்கு 158.75 மில்லியன் வந்துது. 8வது வாரம்னு சொன்ன வார்த்தையைப் பிடிச்சிட்டு நிக்காம ஒரு மேட்சோட வந்தாரு பாருங்க, எனக்கு அந்த இடம்தான் பிடிச்சது.

எதிர்ப்பக்கம் மெல்வின் கார்டன், 2019. சார்ஜர்ஸ் வருஷத்துக்கு 10 மில்லியன் பக்கம் தர்றதாச் செய்தி, அவர் சம்பளம் 5.6 மில்லியன். 4 மேட்ச் வெளிய இருந்தாரு, அதுக்குள்ள ஆஸ்டின் எக்லர் அந்த இடத்துல பிரமாதமா ஆடிட்டாரு, சீசன் முடியற வரைக்கும் பேச்சே கிடையாதுன்னு டீம் முன்னாடியே சொல்லியிருந்துது. அடுத்த வருஷம் டென்வர்ல 2 வருஷத்துக்கு 16 மில்லியன். "எனக்குப் பதிலா ஆடப் போறவன் யாரு, அவன் எவ்வளவு நல்லவன்?" இந்தக் கேள்விக்குப் பதில் தினமும் பக்கத்துல நின்னு பிராக்டிஸ் பண்ற வீரருக்குத்தான் நல்லாத் தெரியும். 1993ல எம்மிட் ஸ்மித் வெளிய நின்னப்ப டாலஸ் முதல் ரெண்டு மேட்சும் தோத்துது, உடனே 4 வருஷத்துக்கு 13.6 மில்லியன் கையில வந்துது, அவருக்கு மாத்து ஆள் இல்லைன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு.

இந்த வழியோட மறைமுகச் செலவு, வேலை அதிகம். வீரர் உக்காந்து கணக்குப் பாக்கணும், படிக்கணும், எழுத்துல வெக்கணும், 22 வயசுப் பையனுக்கு அது சுலபமில்ல. ஓனர் இந்தப் பிரிவினையை உடைக்கவும் பாப்பாரு, பார்சன்ஸுக்கு நடந்தது அதுதான். லீடர்ஷிப் பத்திப் பேசப் போன இடத்துல கான்ட்ராக்ட் பேச்சு வந்துச்சுன்னு அவர் சொல்றாரு, ஓனர் ஜெரி ஜோன்ஸ் டீல் முடிஞ்சதுங்கறாரு. மைக்கா அங்க வாக்கு குடுத்திருந்தா ஏஜென்ட் டேவிட் முலுகெட்டாவோட வேலையே அர்த்தமில்லாமப் போயிருக்கும். பிடிச்சு நின்னதுல கிரீன் பேக்கு டிரேட் ஆகி 4 வருஷத்துக்கு 188 மில்லியன், அதுல 136 கேரண்டி.

| அளவுகோல் | ஏஜென்ட் முடிவு | தனியா | முடிவு வீரர், பேச்சு ஏஜென்ட் |
|---|---|---|---|
| நஷ்டம் யாருக்கு | வீரருக்கு | வீரருக்கு | வீரருக்கு, ஆனா எல்லை முன்னாடியே தெரியும் |
| மார்க்கெட் தகவல் | நல்லா இருக்கும் | குறைச்சல் | நல்லா இருக்கும் |
| கமிஷன் | 3% வரை | இல்ல | 3% வரை |
| டீமோட உறவு | கசப்பு ஏஜென்ட் மேல | கசப்பு நேரா வீரர் மேல | பெரும்பாலும் ஏஜென்ட் மேல |
| திரும்பி வர்ற வழி | ஏஜென்ட் கௌரவம் தடுக்கலாம் | வீரரோட ரோஷம் தடுக்கலாம் | தேதி எழுதியிருந்தா சுலபம் |

எப்ப எது சரி

ஏஜென்ட்கிட்ட அதிகமா விடலாம்னா அது ரூக்கி கான்ட்ராக்ட்ல இருக்கற பையன், ஓனர் செல்லம் கொஞ்சிப் பேசினாலே தலையாட்டிடுவான்னு தெரிஞ்சா. அப்பக்கூட கடைசித் தேதி அவன்தான் சொல்லணும். தனியாப் போகலாம்னா உங்க பொசிஷன்ல முதல் மூணு பேர்ல நீங்க ஒருத்தர், வீட்டுல நம்பிக்கையான ஆள் இருக்காங்க, திட்டு வாங்கினா தூக்கம் போகாத மனசு, இது மூணும் இருந்தா மட்டும். சங்கத்து வக்கீல்கள்கிட்ட உதவியும் கேட்டுக்கணும்.

ஃபைன் ரொம்ப ஏறும்னா ஹோல்ட்அவுட்டுக்குப் பதிலா ஹோல்ட்இன், அதாவது கேம்புக்கு வரணும் ஆனா ஆடக் கூடாது. 2021ல டி.ஜே. வாட் அப்படித்தான் நின்னு சீசன் தொடங்கறப்ப 4 வருஷத்துக்கு 112 மில்லியன் வாங்கினாரு. 2020 விதி வந்தப்புறம் முதல்ல இதைப் பேசாம நேரா வெளிய போகச் சொல்ற ஏஜென்ட்டை நான் சந்தேகப்படுவேன்.

ரன்னிங் பேக்னா இன்னும் ஜாக்கிரதை, அந்த இடத்துக்கு மாத்து ஆள் சீக்கிரம் கிடைக்கும். எசகியல் எலியட் 2019ல கேம்ப் முழுக்க மெக்ஸிகோல இருந்துட்டு, ஒரு மேட்ச்கூட மிஸ் பண்ணாம 6 வருஷத்துக்கு 90 மில்லியன் வாங்கினாரு. சீசனோட முதல் ஞாயித்துக்கிழமைக்கு மேல நிக்கறதுன்னா, அந்த ஒவ்வொரு வாரத்துக்கும் ஏஜென்ட் எழுத்துல காரணம் குடுக்கணும்னு கேளுங்க.

காசு முக்கியக் காரணமா இல்லாத கேஸும் உண்டு, அங்க இந்த ஒப்பீட்டுக்கே வேலை இல்ல. ட்ரென்ட் வில்லியம்ஸ் 2019ல வாஷிங்டனுக்கு ஆட வரல. தலையில இருந்த கட்டி புற்றுநோய்னு தெரிய வந்துது, முன்னாடி டீம் டாக்டர்கள் அதைப் பெருசா எடுத்துக்கலைன்னு அவருக்கு நம்பிக்கையே போச்சு. சீசன் முழுக்க ஆடல, சம்பளத்துல மில்லியன் கணக்குல போச்சு. 2020 ஏப்ரல்ல சான்ஃபிரான்சிஸ்கோக்கு டிரேட், 2021ல 6 வருஷத்துக்கு 138 மில்லியன். அந்த டாக்டர்கள்கிட்ட மறுபடி உடம்பைக் காட்டறதா வேணாமான்னு எந்த ஏஜென்ட்டும் அவருக்காக முடிவு பண்ணியிருக்க முடியாது. ஏஜென்ட் செய்ய வேண்டியது டிரேட் வாங்கித் தர்றது, அது வரைக்கும் ஒரு நாளைக்கு எவ்வளவு போகுதுன்னு மறைக்காமச் சொல்றது.